சிக் லீவும் ஸ்டாஃப் டிக்கெட்டும்

மருத்துவ விடுப்பில் இருக்கும் விமான ஊழியர், அந்த நாட்களில் நிறுவனம் தரும் சலுகை டிக்கெட்டில் பயணம் போகலாமா? கூடாது என்பதே பல நிறுவனங்களின் நிலை. சிக் லீவு பதிவானால் ஸ்டாஃப் டிக்கெட்டும் நின்றுவிடும். முன் அனுமதி வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. வேலைக்கு வர முடியாது என்றவர் கோவா விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் சக ஊழியருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தை அப்படியே விதியாக்கும்போதுதான் சிக்கல்: ஏமாற்றுகிறவர் தப்பிவிடுகிறார், உண்மையான நோயாளி மாட்டிக்கொள்கிறார்.

நிறுவனத்தின் கவலை பொய்யல்ல. 50 இருக்கைக்கு ஒரு கேபின் பணியாளர் என்பது இந்தியாவில் விதி. 180 இருக்கை கொண்ட ஏர்பஸ் ஏ320-க்கு நால்வர் வேண்டும். கடைசி நேரத்தில் ஒருவர் உடம்புக்கு முடியவில்லை என்றால், பெங்களூர் ஹெப்பாலில் தூங்கிக்கொண்டிருக்கும் இன்னொருவரை நடுராத்திரியில் எழுப்பி தேவனஹள்ளிக்கு வரவழைக்க வேண்டும். அவர் கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு வந்து சேரும்வரை மொத்த விமானமும் காத்திருக்கும்.

சிக் லீவைக் கூட்டாக எடுத்தால் என்னவாகும் என்பதையும் நாடு பார்த்திருக்கிறது. 2022 ஜூலை 2 அன்று இண்டிகோ பணியாளர்கள் பலர் சிக் லீவு போட்டனர். ஏர் இந்தியா ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டார்கள் என்று பேச்சு. அன்று இண்டிகோவின் உள்நாட்டு விமானங்களில் 45.2 சதவீதமே நேரத்துக்கு இயங்கின. 2024 மே 7 இரவு தொடங்கி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் நோய் என்றார்கள். 80-க்கும் அதிகமான விமானங்கள் ரத்தாயின. பெங்களூரைத் தளமாகக் கொண்டிருந்த ஏர் ஏசியா இந்தியாவின் வழிவந்த ஏஐஎக்ஸ் கனெக்ட், அந்நிறுவனத்துடன் இணைந்துகொண்டிருந்த காலம். இணைப்பை ஒட்டிய மனக்குறைகள் பணியாளர்களிடம் குவிந்திருந்தன. நிறுவனம் சுமார் 25 பேரை நீக்கியது. மே 9 அன்று டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் சமரசம் ஏற்பட்டு, நீக்கம் திரும்பப் பெறப்பட்டது.

இந்த இரண்டு சம்பவங்களிலும் ஸ்டாஃப் டிக்கெட்டுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போனை அணைத்துவிட்டு வீட்டில் இருப்பவரை அந்தத் தடை தொடாது. சலுகை டிக்கெட் ஊழியரின் பெயரிலேயே பதிவாகிறது. அவர் எப்போது ஏறினார், எங்கே இறங்கினார் என்ற விவரம் நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. அதனால் ஏமாற்ற நினைப்பவர் வேறு நிறுவனத்தில் காசு கொடுத்துப் போய்விடுவார்.

மாட்டிக்கொள்வது யார்? யலஹங்காவில் லிஃப்ட் இல்லாத பி.ஜி.யில், மூன்றாம் மாடியில் தங்கியிருக்கும் இம்பால் பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. தலை பின்னவும் சோறு பிசையவும் ஒரு துணை வேண்டும். அம்மா இருப்பதோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அவசரத்தில் விமானத்தை 90 விநாடிக்குள் காலிசெய்ய முடியும் என்று காட்டினால்தான் ஒரு பயணிகள் விமான மாதிரிக்குச் சான்று கிடைக்கிறது. அந்த 90 விநாடிக்குள் கதவைத் திறக்க வேண்டியது பணிப்பெண்தான். கட்டுப் போட்ட கையால் அது ஆகாது. ஆனால் பயணியாக உட்கார்ந்து வீட்டுக்குப் போவதற்கு அந்தக் கை தடையல்ல. கர்ப்பம் உறுதியானதும் பறக்கும் பணியிலிருந்து விலக்கப்படும் பெண்ணும் அப்படித்தான். பயணியாக அவர் இன்னும் பல மாதம் பறக்கலாம்.

கடும் சளி வேறு கதை. பறக்கும்போது கேபின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் குறையும். இறங்கும்போது மீண்டும் ஏறும். மூக்கடைத்தவருக்குக் காது வலி உயிரை எடுக்கும், செவிப்பறையே கிழியலாம். பணியாளர், பயணி என்ற பேதம் காதுக்குத் தெரியாது. சளி என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் துபாய் போனவரைக் கேள்வி கேட்பது முறையே.

ஸ்டாஃப் டிக்கெட்டின் குறையையும் மறைப்பதற்கில்லை. பெரும்பாலும் அது காலி இருக்கை இருந்தால்தான் செல்லும். முழுக் கட்டணப் பயணிகள் எல்லாரும் ஏறி முடியும்வரை காத்திருந்து, இடமில்லை என்றதும் அடுத்த விமானத்துக்கு நகர வேண்டும். நல்ல உடம்புக்கே சலிப்பூட்டும் இந்தக் காத்திருப்பை நோயாளியின் தலையில் கட்டுவது கொடுமை. அனுமதிப்பதென்றால் உறுதியான இருக்கையே தர வேண்டும்.

இந்தச் சலுகை ஆயுதமாகவும் மாறியதுண்டு. 2010 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்த கேபின் பணியாளர்களின் பயணச் சலுகையை பிரிட்டிஷ் ஏர்வேஸ் பறித்தது. அதைத் திரும்பப் பெறுவதே பேச்சுவார்த்தையின் பெரும் பிரச்சினையாகி, தகராறு 2011 வரை இழுத்தது. விடுப்பும் பயணமும் மோதிய வழக்கும் உண்டு. அமெரிக்காவில் யுனைட்டட் விமான நிறுவன ஊழியர் ஒருவர் 2014-இல் தென் ஆப்பிரிக்காவில் விடுமுறையில் இருந்தபடி, மாற்றிக்கொள்ள முடியாத ஒரு ஷிஃப்டுக்கு மட்டும் மருத்துவ விடுப்பு கேட்டார். அதையொட்டிய வழக்கில் 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அங்கே எடுபட்டது அவர் வெளிநாட்டில் இருந்தார் என்பதல்ல; மாற்ற முடியாத ஷிஃப்ட் நாளிலேயே நோய் வந்த பொருத்தமும், விசாரணையில் மாறி மாறி வந்த பதில்களும்.

மனம் சார்ந்த நோயில் இந்தப் பயணத் தடை இன்னும் கடுமையாக வலிக்கும். அகமதாபாத் ஏர் இந்தியா விமான விபத்துக்கு நான்கு நாள் கழித்து, 2025 ஜூன் 16 அன்று, அந்நிறுவனத்தின் 112 விமானிகள் நோய் விடுப்பு எடுத்ததாக அரசு மக்களவையில் தெரிவித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் குடும்பத்திடம் போவதும் மருந்துதான். அதற்கு அனுமதி தருவது மேலாளரின் வேலையல்ல, நிறுவன மருத்துவரின் வேலை. பணிக்குத் தகுதி உண்டா, பயணத்துக்குத் தகுதி உண்டா என்று சான்றிதழில் தனித்தனியாக எழுதிவிட்டால் போதும். நோயின் பெயர் ரோஸ்டர் பிரிவுக்குப் போகத் தேவையில்லை; தேதியும் ஊரும் போனால் போதுமானது.