‘மனெ பாட’ என்றால் டியூஷன்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லித் தருகிறோம் என்பதை மைசூருவில் கன்னடத்தில் சொல்லப் போனால் ஒரு சிக்கல் உண்டு. ‘மனெ பாட’ என்று வாயெடுத்தால் கேட்பவர் காதில் டியூஷன் என்றே விழும். “சரி, எந்த ஸ்கூல்?” என்று அடுத்த கேள்வி வரும். வீட்டுக் கல்விக் குடும்பங்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவை ஒரு வாரம் கவனித்தால் கன்னடம் சரியாகத்தான் சொல்கிறதோ என்று தோன்றும். “எட்டு வயசுக்கு நல்ல செஸ் கிளாஸ் தெரியுமா?” “குவெம்புநகர் பக்கம் களரி யாராவது எடுக்கறாங்களா?” “ஆன்லைன் கணக்கு வேணும், டெமோ கொடுப்பாங்களா?”

பள்ளியை விட்டு வெளியே வந்து பத்துக் கிளாஸில் சேர்ப்பது, பள்ளியைச் சில்லறையில் வாங்குவதுதானே என்று பழைய கை ஒருவர் அதே குழுவில் முணுமுணுப்பார். 1977-இல் ‘அன்ஸ்கூலிங்’, அதாவது பள்ளி முறையே வேண்டாம் என்ற கல்விக்கான சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜான் ஹோல்ட்டின் வழியில் வந்தவர்களுக்கு இந்தக் கோபம் இயல்பு. எனக்குப் பாதிக் கோபம்தான் வருகிறது.

ஏனென்றால் வீணை. இது வீணை சேஷண்ணாவின் ஊர். காந்தாரத்துக்குத் தந்தியை எவ்வளவு இழுப்பது என்பதை வாசிக்கத் தெரியாத தாய் எப்படிச் சொல்லித் தர முடியும்? காணொளி விரலைப் பிடித்துத் திருத்தாது. எதிரே உட்கார்ந்த டீச்சர், பிள்ளையின் இடது கை விரல் நுனியில் தந்தி பதிந்த கோட்டைப் பார்த்தே “நேத்து வாசிக்கலை” என்று கண்டுபிடிப்பார். அந்தக் கண்ணுக்குத்தான் காசு. திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கும் நெல்லும் காசும் அளந்துதான் கொடுத்தோம். ஆகவே காசு கொடுப்பதே குற்றம் என்ற வாதம் நிற்காது.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. ரசீதில் ‘செஸ்’ என்று எழுதியிருக்கும். வாங்கியது பெரும்பாலும் தைரியம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காதவருக்குத் தண்டனை என்று எதையும் சொல்லவில்லை. இந்த இடைவெளியில்தான் வீட்டுக் கல்வி நடக்கிறது. பயமும் அங்கேயே குடியிருக்கிறது. சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டில் நீலநிற ஃபைல் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். செஸ், அபாகஸ், கோடிங் என்று சான்றிதழ்கள், பிளாஸ்டிக் உறை போட்டு, தேதி வாரியாக. “மாமனார் கேட்டா காட்டலாம் இல்லையா?” என்றார் அந்தத் தாய். மகன் கிளாஸில் இருக்கும் இரண்டு மணி நேர ஓய்வும் அவருக்குத் தேவைப்பட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் மகனுக்கு அபாகஸ் பிடிக்குமா என்ற கேள்விக்கு அந்த ஃபைலில் பதில் இல்லை.

எந்தக் கிளாஸும் வேண்டாம் என்பவர்கள் எழுத்தாளர் ஆர்.கே. நாராயணை இழுப்பார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்று, ஒரு வருடம் இதே ஊரில் சும்மா இருந்து படித்துத் தள்ளியவர். பின்னாளில், 1989-இல், மாநிலங்களவையில் பள்ளிப் பையின் சுமையைப் பற்றிப் பேசியவர். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் யஷ்பால் குழுவின் அறிக்கை 1993-இல் வந்தது. எல்லாம் சரி, அவருடைய அப்பா தலைமையாசிரியர், பள்ளி நூலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதை ஏன் விட்டுவிடுகிறார்கள்? அந்தச் ‘சும்மா’வுக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. அப்படி ஒரு வீடு வாய்க்காதவர்கள் அதைத் தவணையில் வாங்கப் பார்க்கிறார்கள். அதுவும் முடிந்தவரை மட்டும்: பெற்றோரில் ஒருவர் வேலையை விட்டு, ஒற்றைச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மூன்று கிளாஸ் என்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை.

பிள்ளைக்குப் பதின்மூன்று வயதானதும் பயம் இன்னொரு முகம் காட்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், தேர்வெழுத ஒன்பது வாய்ப்புகள். ஒரு பருவத்தில் ஒரே பாடத்தை மட்டும் எழுதிவிட்டு நிதானமாக அடுத்ததற்குப் போகலாம். அவசரப்படாதவர்களுக்காகவே போட்ட ஏற்பாடு. அதையும் ஒரே மூச்சில் முடிக்க ‘கிராஷ் கோர்ஸ்’ தேடுவதைப் பார்க்கிறபோது, பள்ளியை விட்டது பிள்ளை மட்டும்தானோ என்று தோன்றுகிறது.

நடைமுறையில் இரண்டு விஷயங்கள் கிளாஸைப் பள்ளியாக்கிவிடுகின்றன. ஒன்று நேரம். ஊரில் எல்லாக் கிளாஸும் மாலை நாலு மணிக்கு மேல். பள்ளிப் பிள்ளைகள் அப்போதுதான் வருவார்கள். காலையெல்லாம் காரஞ்சி ஏரிக்கரையில் பறவை பார்த்துவிட்டு வந்த பிள்ளை, யூனிஃபார்மும் களைப்புமாக வந்தவர்கள் நடுவே போய் உட்காரும். அவர்களுக்காக வகுத்த வேகம், அவர்களுக்காக வைத்த பரீட்சை. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு ஆசிரியரைக் காலை பதினோரு மணிக்கு அழைத்தால் அவருக்கும் அது சும்மா கிடக்கும் நேரம்தான். கட்டணம் பேச வசதி. இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அதிகம் இல்லை.

இன்னொன்று முன்பணம். மூன்று மாதக் கட்டணம், திருப்பித் தரமாட்டார்கள். இரண்டாவது வாரமே பிள்ளைக்கு அலுத்துவிட்டாலும் “காசு கட்டியாச்சு, முடி” என்பார் அப்பா. வீட்டுக் கல்வியில் பிள்ளைக்கு இருந்த பெரிய உரிமையே ‘போதும்’ என்று சொல்வதுதான். அதை ரசீது பிடுங்கிக்கொள்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் மகளை மண்பாண்டக் கிளாஸில் விடும்போது மாதாமாதம் தருகிறேன் என்றார். ஆசிரியர் ஒத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்: நிறுத்துவதானால் போனில் அப்பா சொல்லக் கூடாது, பிள்ளையே வந்து சொல்ல வேண்டும். ஐந்தாவது மாதம் அவள் போய்ச் சொன்னாள். அன்று சக்கரத்தில் ஆசிரியர் ஒரு பெரிய பானையை ஏற்றிக்கொண்டிருந்தாராம். அது வாய் விரிகிறவரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.