குறிப்பேட்டில் அடங்காத தவளை

அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கென்று ‘சயன்ஸ் ஒலிம்பியாட்’ என்னும் பெயரில் அறிவியல் போட்டிகள் நடைபெறுகின்றன. இதன் முதல் தேசியப் போட்டி 1985-ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. இதில் உள்ள பல பிரிவுகளுள் ஒன்றாக 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் ஊர்வனவும் இருவாழ்விகளும் இடம்பெற்றன. இருவர் கொண்ட குழு ஒவ்வொரு மேசையாகச் சென்று, அங்கே வைத்திருக்கும் படத்தையோ பாடம் செய்த உடலையோ பார்த்து, அது இன்ன உயிரினம் என்று எழுத வேண்டும். அதன் வாழ்க்கை முறை, வாழிடம் முதலியவை பற்றியும் கேள்விகள் உண்டு. மாணவர்களுக்கு ஒரு சலுகையும் இருந்தது. 2 அங்குல வளையக் கோப்பு ஒன்றில், எந்த நூலிலிருந்தும் எதையும் திரட்டி உடன் கொண்டுபோகலாம்.

ஒகையோ மாநிலத்தில் படிக்கும் என் அக்காள் மகள் 2019-ஆம் ஆண்டுப் போட்டிக்காகத் தயாரித்த கோப்பை விடுமுறையில் இங்கு வந்தபோது என்னிடம் காட்டினாள். நான் இயற்பியல் கற்பிப்பவன். விலங்கியலில் அவளைவிட ஒரு வகுப்புக் கீழே நிற்பவன். ஆயினும் ஓர் அளவீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி எங்கள் பாடத்துக்கும் சொந்தமானது. அந்த உரிமையில்தான் இந்தக் கோப்பைப் பற்றி எழுதுகிறேன். போட்டிகளுக்காக மாணவர்கள் எழுதும் குறிப்புகள் எங்கும் ஏறக்குறைய இதே வடிவில் இருப்பதால், இங்குள்ள வாசகர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடலாம். உழைப்புக்குக் குறைவில்லை. ஓர் உயிருக்கு ஒரு பக்கம். மேலே வண்ணப்படம், கீழே அறிவியற்பெயர், குடும்பம், நீளம், உணவு, முட்டையின் எண்ணிக்கை, பரவல் படம். ஓரத்தில் வண்ணத்தாள் ஒட்டி, பாம்பு, பல்லி, ஆமை, தவளை என்று சட்டெனத் திருப்புவதற்கு வழி செய்திருந்தாள். முதலையையும் அலிகேட்டரையும் பிரிக்கும் பக்கம் மிகத் தெளிவு. வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே தெரிந்தால் முதலை; மறைந்துவிட்டால் அலிகேட்டர். மூக்குப் பகுதி குறுகியிருந்தால் முன்னது, அகன்றிருந்தால் பின்னது. அதைப் படித்தவர் தவறவே மாட்டார்.

அந்தப் பக்கம் ஏன் சிறந்திருக்கிறது? அதில் மட்டுமே இரண்டு விலங்குகள் இருக்கின்றன. மற்றப் பக்கங்களில் ஒவ்வொரு விலங்கும் தனியாக இருக்கிறது. அடையாளம் காண்பது என்பது ஒன்றைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்வதன்று. அதைப் போன்ற இன்னொன்றிலிருந்து பிரிப்பது. முட்டையின் எண்ணிக்கை முன்னதற்கு உதவும். மேசைமேல் இருக்கும் படத்தை நோக்கி நிற்பவனுக்கு அது ஒன்றும் செய்யாது.

அமெரிக்கத் தேரையும் ஃபௌலர் தேரையும் கோப்பில் ஒன்பது பக்க இடைவெளியில் இருந்தன. இரண்டும் ஒகையோவில் உள்ளவை. பார்வைக்கு ஒன்றேபோல் பழுப்பானவை. அமெரிக்கத் தேரையின் முதுகிலுள்ள கரும்புள்ளி ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு பருக்களே இருக்கும். ஃபௌலர் தேரையின் பெரிய புள்ளிகளில் மூன்றும் அதற்கு மேலும் இருக்கும். கண்ணுக்குப் பின்னுள்ள நச்சுச் சுரப்பி மண்டையோட்டின் மேட்டைத் தொடுகிறதா, தள்ளி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஃபௌலரில் தொடும். இச்செய்திகள் இரண்டும் கோப்பில் இருந்தன. ஆனால் ஒன்று முதற்பக்கத்திலும் மற்றொன்று பத்தாம் பக்கத்திலும் பிரிந்து கிடந்தன. எதிரெதிரே வைத்தால் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். இவ்விரண்டும் கலந்து இனம்பெருக்குவதும் உண்டு, ஆகையால் பருக்களின் எண்ணிக்கை இடைநடுவில் நிற்கும் தேரைகளும் இருக்கின்றன என்பது எங்குமே குறிக்கப்படவில்லை.

இரண்டாவது குறை, ஓர் உயிருக்கு ஒரே படம். கிழக்கு நியூட் என்ற வாலுள்ள இருவாழ்வி, இளமையில் தரைக்கு ஏறி, செம்மஞ்சள் நிறத்தில் காட்டில் சில ஆண்டுகள் திரியும். பிறகு நீருக்குத் திரும்பும்போது மங்கிய பச்சையாகிவிடும். கோப்பில் பச்சை மட்டுமே இருந்தது. ஐந்துகோட்டு அரணைக் குட்டிக்கு வால் நீலம், உடலில் பளிச்சென்ற கோடுகள். வயது வந்த ஆணுக்குக் கோடுகள் மங்கி, தலை சிவந்துவிடும். கோப்பில் நீல வால் மட்டுமே. அழகான படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அந்த வயதில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பெயர்களிலும் ஒரு சிக்கல். அமெரிக்கத் தேரை நெடுங்காலம் பூஃபோ என்ற பேரினத்தில் இருந்தது. 2006-ஆம் ஆண்டில் வெளியான பெரிய வகைப்பாட்டு ஆய்வுக்குப் பிறகு அதை அனாக்சிரஸ் என்கிறார்கள். கோப்பில் ஒரு பக்கம் பழைய பெயர், இன்னொரு பக்கம் புதியது. எடுத்த நூலின் ஆண்டைக் குறித்திருந்தால் குழப்பமே வந்திராது. அலகு எழுதாத விடைக்கு நாங்கள் மதிப்பெண் குறைப்பதில்லையா?

இனி, எனக்கு மிகவும் பிடித்த பக்கத்துக்கு வருகிறேன். உண்மையில் அவை இரண்டு பக்கங்கள். ஹைலா வெர்சிகலர், ஹைலா கிரைசோசெலிஸ் என்னும் இரு சாம்பல் மரத்தவளைகள். முன்னதை 1825-இல் லெ கான்ட்டும், பின்னதை 1880-இல் கோப்பும் விவரித்தனர். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் ஒட்டியிருந்தது. இரண்டு படங்களையும் மாற்றி வைத்துவிட்டு, “இதில் எது எது?” என்று அவளைக் கேட்டேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “மாமா, இது ஏமாற்று வேலை” என்றாள். ஏமாற்று வேலைதான், ஆனால் ஏமாற்றியது நானில்லை, அந்தப் பக்கங்கள்.

இவ்விரண்டையும் படத்தைக் கொண்டு நம்பத்தக்க வகையில் பிரிக்க முடியாது. இரண்டும் சாம்பலிலிருந்து பச்சைவரை நிறம் மாற்றும். இரண்டுக்கும் தொடையின் உட்புறம் மஞ்சள். வேறுபாடு செல்லுக்குள் இருக்கிறது. கிரைசோசெலிஸுக்கு 24 குரோமோசோம்கள். வெர்சிகலருக்கு இருமடங்காக 48. இதை 1970-இல் வாசர்மன் என்பவர் வெளியிட்டார். குரோமோசோம் கூடியதால் வெர்சிகலரின் சிவப்பணுக்களும் பெரியவை. எனினும் நுண்ணோக்கி இல்லாமலே பிரிக்க ஒரு வழி உண்டு. அது தவளையின் குரல்.

ஆண் தவளை கத்துவது நமக்கு ஓர் உருளும் ஒலியாகக் கேட்கிறது. அது தனித்தனித் துடிப்புகளின் தொடர். உடலின் பக்கத் தசைகள் ஒருமுறை சுருங்கினால் ஒரு துடிப்பு. ஒரே வெப்பநிலையில் கிரைசோசெலிஸின் துடிப்புகள் வெர்சிகலரினுடையதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரைவானவை. ‘ஒரே வெப்பநிலையில்’ என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். தவளையின் உடல் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது; குளிர்ந்தால் தசை மெதுவாகச் சுருங்கும், துடிப்பும் குறையும். குளிர்ந்த இரவில் கத்தும் கிரைசோசெலிஸ், வெப்பமான இரவில் கத்தும் வெர்சிகலரை நெருங்கி வந்துவிடலாம். ஆகவே இத்தவளையின் பெயரைச் சொல்ல, காதோடு ஒரு வெப்பமானியும் வேண்டும்! இன்னும் வியப்பு என்னவென்றால், பெண் தவளையும் இக்கணக்கைச் செய்கிறது. தான் இருக்கும் வெப்பநிலையில் தன் இன ஆண் எந்த வேகத்தில் கத்துமோ, அந்த வேகத்தையே அது நாடிச் செல்கிறது என்று 1978-இல் கெர்ஹார்ட் காட்டினார்.

கோப்பில் குரோமோசோம் எண்ணிக்கை இருந்தது. குரல் பற்றியும் ஒரு வரி இருந்தது. ‘படத்தால் சொல்ல முடியாது’ என்ற மூன்று சொற்கள்தாம் இல்லை. இது சிறு விடுதல் அன்று. எல்லாப் பக்கங்களும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்போது, எல்லா முடிவுகளும் ஒரே உறுதியுடையவை என்று படிப்பவர் நம்பிவிடுகிறார். முதலையின் பல்லும் மரத்தவளையின் படமும் சமமான சான்றுகள் அல்ல.

இந்த நம்பிக்கை ஆபத்தாகவும் முடியும். பவளப்பாம்புப் பக்கத்தில், அமெரிக்கச் சிறுவர் அனைவரும் அறிந்த ஒரு நினைவுப் பாட்டின் சாரம் எழுதப்பட்டிருந்தது: சிவப்புப் பட்டை மஞ்சளைத் தொட்டால் நஞ்சு, கறுப்பைத் தொட்டால் நஞ்சில்லை. தென்கிழக்கு அமெரிக்காவில் இது பெரும்பாலும் பலிக்கும். ஆனால் அங்கேயும் பட்டை ஒழுங்கு மாறிப் பிறக்கும் பாம்புகள் உண்டு. தெற்கே மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா எனப் போகப் போக, சிவப்பு கறுப்பைத் தொடும் நச்சுப் பவளப்பாம்புகள் பல இருக்கின்றன. விதி எந்த நிலப்பரப்புக்கு உரியது என்பதை எழுதாமல் விட்ட குறிப்பு, ஒகையோவில் தீங்கு செய்யாது; அங்கே பவளப்பாம்பே கிடையாது. அதே மாணவர் பெரியவராகிப் பிரேசிலுக்குப் போனால்?

நம் ஊரிலும் இதற்கு ஓர் இணை உண்டு. கட்டுவிரியனையும், நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பையும் ‘கறுப்பு உடல், வெள்ளைப் பட்டை’ என்ற ஒரே வரியில் எழுதிவைக்கும் குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். கட்டுவிரியனின் பட்டைகள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாக வந்து, வாலை நோக்கித் தெளிவாகும். ஓநாய்ப் பாம்பில் தலைப்பக்கம் தெளிவாக இருந்து வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனின் நடுமுதுகில் ஒரு வரிசைச் செதில்கள் பெரியவை, அறுகோணமானவை. ஓநாய்ப் பாம்பில் அவ்வாறில்லை. பட்டையைவிடச் செதிலே நம்பத்தக்கது. ஏனெனில் வயதான கட்டுவிரியனில் பட்டை மங்கிவிடுவதுண்டு. ஆனால் செதிலை நல்ல படத்திலோ அருங்காட்சியகக் குப்பியிலோதான் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் வந்த பாம்பிடம் குனிந்து பார்க்கக்கூடாது. இந்த எச்சரிக்கையும் அடையாளக் குறிப்பின் ஒரு பகுதியே.

அக்காள் மகள் ஊருக்குத் திரும்புமுன் சில பக்கங்களைத் திருத்தினாள். இரு தேரைகளும் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு வந்தன. நியூட்டுக்கு இரண்டாவது படம் ஒட்டப்பட்டது. மரத்தவளைப் பக்கங்கள் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டாள். எஞ்சிய பக்கத்தில் ஒரே ஒரு படம். அதன் கீழே இரண்டு பெயர்கள், பக்கத்தில் சிவப்பு மையில்: ‘குரல் கேட்க வேண்டும். அன்றைய வெப்பநிலை?’