எண்ணும் சொல்லும்

136ஆம் திருப்பாடலில் 'ஹெசெத்' என்னும் எபிரேயச் சொல் வசனந்தோறும் வந்து 26 முறை ஒலிக்கிறது. 'யாவே' என்னும் திருப்பெயரின் நான்கு எழுத்துகளுக்குரிய எண்களைக் (10, 5, 6, 5) கூட்டினாலும் 26 வருகிறது. இப்பொருத்தத்தை வியந்து, அதிலேயே நின்றுவிடுவோர் நம்மிடையே உளர். ஆனால், எழுத்துகளை எண்களாகக் கொள்ளும் வழக்கம் எபிரேயரிடையே பிற்காலத்தில் பரவியது; பாடலாசிரியர் இதைக் கருதினார் எனத் துணிந்து கூற இடமில்லை.

எண்ணைவிடச் சொல்லே நம்மை ஆழமாக அழைக்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதனைப் 'பேரன்பு' என்கிறது. அழகிய சொல்தான், எனினும், உடன்படிக்கையில் தந்த வாக்கைக் கைவிடாத உறுதி அதில் சற்றே மங்குகிறது. வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் பற்றுறுதிக்கும் எபிரேயத்தில் இதே சொல்தான்.

ரூத்தைப் போலவே பிறர் நிலத்தில் பிழைப்புத் தேடி, போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் போடிமெட்டு ஏறுகின்றனர் ஏலத்தோட்டப் பெண்கள். வேலைநாள், கூலி, காயின் எடை என எண்கள் அவர்களுக்கு நன்கு தெரியும். அவர்கள் எதிர்பார்ப்பது, சொன்ன கூலி சொன்னபடி கிடைப்பதையே. உயிர்கள் அனைத்துக்கும் உணவளிப்பதையும் ஹெசெத்தோடு இணைக்கிறது அப்பாடலின் 25ஆம் வசனம். இருபத்தாறையும் எண்ணி முடித்த நாம், கொடுத்த வாக்கைக் காத்தோமா என நம்மையே கேட்போமாக.