குடவோலையும் காஜாங் இடைத்தேர்தலும்

மக்களாட்சியைப் பற்றிப் பேசும் தமிழ் மேடைகளில் உத்தரமேரூர்க் கல்வெட்டு தவறாது வந்து நிற்கும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவ்விரு கல்வெட்டுகளும் பெருமைக்கு உரியனவே. ஆயினும் அவற்றை முழுதும் படித்துவிட்டுப் புகழ்வோர் சிலரே.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துப் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஆகவே இது குலுக்கலேயன்றி வாக்களிப்பு அன்று. குடத்தில் பெயர் இடம்பெற வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்குட்பட்ட வயதும், வேதக் கல்வியும் வேண்டும். பிரமதேய ஊரின் சபை அது. நிலமற்ற உழவனுக்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை. அகநானூற்று 77 ஆம் பாட்டும் குடவோலையைக் காட்டுகிறது. ஆனால் அங்கே அது வெறும் உவமை. பிணத்தின் குடரை இழுக்கும் கழுகின் செயலுக்கு உவமை! மேடையில் இதனைச் சொல்வாரில்லை.

கல்வெட்டின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்திற் புகாது. அவன் நெருங்கிய உறவினர் பெயரும் புகாது. பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் அதே விலக்கு. அனைவரையும் சேர்க்காத அவ்வூர், பொறுப்பேற்பவன் கை தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பதில் மட்டும் தளரவில்லை.

இவ்விரண்டு அளவுகளாலும் காஜாங்கை அளந்து பார்க்கலாம். 2014 சனவரியில் அத்தொகுதியின் சிலாங்கூர் சட்டமன்ற உறுப்பினர் லீ சின் சே பதவி விலகினார். அன்வார் இப்ராகிமை மந்திரி பெசாராக்குவதே நோக்கம் எனப் பேசப்பட்டது. மார்ச் 7 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அன்வாரின் விடுதலையை மாற்றவே, அவர் துணைவியார் வான் அசிசா போட்டியிட்டு 5,379 வாக்கு மிகுதியில் வென்றார். செப்டம்பரில் மந்திரி பெசார் ஆனவரோ அஸ்மின் அலி. முந்தைய ஆண்டுதான் வாக்களித்த காஜாங் மக்கள் மீண்டும் வரிசையில் நின்றது யார் தேவைக்காக? 21 வயது நிரம்பாதோரும் பெயர் பதியாதோரும் அவ்வரிசையிலும் இல்லை.

சேர்க்கும் அளவு பின்னர் விரிந்தது. 2019இல் நிறைவேறிய அரசியல் சாசனத் திருத்தம் 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்து, 18 வயதினரை வாக்காளராக்கியது. பதிவும் தானாகவே நிகழ்ந்தது. தூய்மைக்குரிய அளவு அத்துணை எளிதில் விரியவில்லை. 2018இல் மக்கள் தேர்ந்த மத்திய அரசு 2020 பிப்ரவரியில் கட்சித் தாவலால் கவிழ்ந்த பின்னரே, 2022இல் தாவலைத் தடுக்கும் திருத்தம் வந்தது. வேறு கட்சிக்குத் தாவினால் பதவி போகும். கட்சியே வெளியேற்றினால் போகாது. பதவி துறந்தவர் ஐந்தாண்டு மக்களவைக்கு வரலாகாது என்றிருந்த பழைய தடையையும் அத்திருத்தமே நீக்கிற்று. எனவே மக்களவை உறுப்பினர் ஒருவர் இன்று தம் இடத்தைத் துறந்து, அதனால் விளையும் இடைத்தேர்தலிலேயே நிற்கலாம். உத்தரமேரூரிலோ வாரியப் பணியைச் செவ்வனே முடித்து இறங்கியவரும் மூன்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.