புயல் தீவும் மணிபல்லவமும்

பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசலுக்கு அருகே ஒரு வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். ஆங்கிலத் துணைப்பாடத்தில் ‘தி டெம்பஸ்ட்’. “இதைப் படிக்கும்போது வேறெந்தக் கதை ஞாபகம் வருது?” என்று கேட்டேன். தேர்வில் வராத கேள்வி என்பதால் முதலில் திகைத்தார்கள்.

இத்தகைய கேள்விக்குப் பாடத்திலேயே இடம் தந்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2000களில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்துக்குக் ‘கற்பனைப் பயணம்’ ஒரு பாடத் தலைப்பாக இருந்தது. டெம்பஸ்ட் போன்ற நூல்களை அரசு வகுத்துத் தந்தது. அதற்கு இணையான நூலை மாணவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. பிள்ளையின் வாசிப்பை மதிக்கும் முறை இது. நமக்கும் வேண்டும் என்பேன். ஆனால் ‘பயணம்’ கண்ணில் பட்டாலே போதுமென்று எதையும் கொண்டுவந்து ஒட்டிவிடுகிற ஆபத்தும் இதிலேயே இருக்கிறது.

‘மணிமேகலை’யை எடுத்துக்கொள்வோம். தூங்கும் மணிமேகலையை மணிமேகலா தெய்வம் மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் செல்கிறது. கண் விழித்தால் யாருமற்ற மணற்கரை. டெம்பஸ்டிலும் தீவு, மந்திரம், கரையொதுங்கியவர்கள். இந்த ஒற்றுமையோடு நிறுத்தினால் வெறும் பட்டியல்தான் மிஞ்சும். இரு கதைகளின் நாயகர்களும் எப்படித் திரும்புகிறார்கள் என்று பார்த்தால்தான் கதைகள் பேசத் தொடங்கும். டெம்பஸ்டின் நாயகன் பிராஸ்பெரோ மந்திரத்தைக் கைவிட்டுவிட்டு ஊர் திரும்புகிறான். இழந்த ஆட்சி அவனுக்குக் காத்திருக்கிறது. மணிமேகலையோ மூன்று மந்திரங்களோடும், கோமுகிப் பொய்கையில் எழுந்த அமுதசுரபியோடும் வருகிறாள். அவளுக்குக் காத்திருப்பது ஊராரின் பசி.

இணைநூலைத் தமிழிலிருந்து எடுத்தால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. எனக்கு அந்த அச்சமில்லை. சொல்ல ஒன்று இருக்கிற பிள்ளைதான் அதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடும்.

என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று. வானில் போகும் கதைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, நபிகளின் விண்ணேற்றத்தைப் பாடும் ‘மிகுராசு மாலை’யையும் அதில் சேர்த்துவிட்டேன். முன்வரிசைப் பெண் பேனாவை மூடி வைத்தாள். “மிஸ், மிஃராஜ் கற்பனை இல்ல. நடந்தது.”

அவள் சொன்னது சரி. நம்புகிறவருக்கு அது கற்பனைப் பயணமாகாது; தலைப்புக்குப் பொருத்தமாக நூலைத் தேடிய அவசரத்தில் அந்த நூல் யாருடையது என்று நான் பார்க்கவில்லை. கரும்பலகையில் எழுதியிருந்த அந்தப் பெயரை அழித்தேன்.

மறுநாள் அவள் அமுதசுரபியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வந்தாள். ‘பாத்திரம்’ என்பதற்கு மூன்று சொல் எழுதி, இரண்டை அடித்திருந்தாள்.