ஊர் முழுக்க வைஃபை: தேனியும் மகாவிலச்சியவும்

வீட்டுக்குள் வைஃபை வேண்டுமென்றால் ஒரு ரவுட்டர் போதும். ஒரு கிராமத்துக்கே அதைப் பரப்ப வேண்டுமென்றால் மரம், மழை, மின்வெட்டு, குரங்கு எல்லாமே கணக்கில் வந்துவிடும். இந்தியாவிலும் இலங்கையிலும் இந்த வேலைக்குக் கையாண்ட கருவிகள் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஆள் எந்த ஊர்க்காரர் என்பதில்தான் இரண்டு நாடுகளும் பிரிகின்றன.

இந்தியாவில் வழி திறந்தது 2005 ஜனவரியில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெட்டவெளியிலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அரசு அறிவித்தது. அடுத்த மாதமே இமயமலை அடிவாரத்துத் தர்மசாலாவில் வலைப்பின்னல் எழுந்தது. மலை மறைக்கும் இடத்தில் ஒரே கோபுரத்தை நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு கூரையிலும் இருக்கும் கருவி பக்கத்துக் கூரைக்குச் செய்தியைக் கடத்தும் முறையை எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட கருவிகளும் 2,000 கணினிகளும் அதில் இணைந்தன. குரங்குகள் தொங்கினாலும் வளையாத ஆன்டெனாக்களை அங்கேயே உருவாக்கினார்கள்.

தமிழ்நாட்டுத் தேனியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டார ஊர்களில் சிறு பார்வை மையங்களைத் திறந்தது. அங்குள்ள பணியாளர் நோயாளியின் கண்ணைப் பரிசோதித்து விவரத்தை அனுப்புவார். தேனியில் இருக்கும் மருத்துவர் நோயாளியோடு திரையில் முகம் பார்த்துப் பேசுவார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே காரியம் முடிந்துவிடும், ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் இழக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் நடத்திய ஆய்வுக் குழு இதற்கான இணைப்புகளை அமைத்தது.

ஆனால் வைஃபை அறைக்குள் பேசப் பிறந்தது. ஒரு தரவுப் பொதியை அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்குச் சில பத்து மைக்ரோ விநாடிகள்தான் காத்திருக்கும். கான்பூர் ஐ.ஐ.டி. தன் கங்கைச் சமவெளித் திட்டத்தில் 39 கிலோமீட்டர் இணைப்பு ஒன்றை அமைத்தது. அவ்வளவு தூரத்தைக் கடக்க அலைக்கே 130 மைக்ரோ விநாடி வேண்டும், பதில் திரும்பி வர இன்னொரு 130. அதற்குள் கருவி பொதி தொலைந்துவிட்டதென்று முடிவுகட்டி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். பெர்க்லி குழு அந்த விதியை மாற்றியது. இரு முனைகளும் முறை வைத்துப் பேசின, பல பொதிகளுக்குச் சேர்த்து ஒரே பதில் வந்தது. வேகம் இரண்டிலிருந்து ஐந்து மடங்கு கூடியது.

அதற்குப் பிறகும் கருவிகள் செத்துக்கொண்டே இருந்தன. காரணம் மின்சாரம். கிராமத்து மின்னழுத்தம் 70 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும், 350-க்கு மேலே ஏறும். அதைத் தாங்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்தினார்கள். கூடவே அரவிந்தின் சொந்தப் பணியாளர்கள் படிப்படியாகப் பராமரிப்பைக் கற்றுக்கொண்டு தாங்களே ஏற்றார்கள். தேனியில் நடந்ததில் மிகப் பெரிய காரியம் இதுதான் என்பேன்.

இலங்கையிலும் அப்படி ஒரு தொடக்கம் இருந்தது. அனுராதபுரத்திலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவில், வில்பத்துக் காட்டோரம் இருக்கிறது மகாவிலச்சிய. போர்க்காலத்தில் அஞ்சி வாழ்ந்த விவசாயக் கிராமம். நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தையும் கணினியையும் சேர்த்துக் கற்பித்தார். 2006-இல் அங்கே கம்பியில்லா வலைப்பின்னல் வந்தபோது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த தலைமுறை முன்பே தயாராக இருந்தது. நம் நாட்டுக்கு அதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

ஆனால் அரசு வேறு பக்கம் திரும்பியது. 2015-இல் கொழும்புக் கோட்டை ரயில் நிலையம் போன்ற பொது இடங்களில் இலவச வைஃபை தொடங்கியது. அது பயணிக்கு உதவும், ஊருக்கு உதவாது. அதே ஆண்டு ஜூலையில் கூகுளின் லூன் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் உயரத்தில் பலூன்களை மிதக்கவிட்டு முழுத் தீவுக்கும் இணையம் தருவதாகப் பேச்சு. 2016 பெப்ரவரியில் ஒரு பலூன் கம்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கியது. அலைவரிசைச் சிக்கலில் திட்டம் நின்றது. 2021 ஜனவரியில் லூனையே மூடிவிட்டார்கள்.

இந்தியாவிலும் மேலிருந்து வந்த திட்டங்கள் உண்டு. கூகுளோடு சேர்ந்து மும்பை சென்ட்ரலில் 2016-இல் தொடங்கிய ரயில்டெல் வைஃபை 6,000 நிலையங்களைத் தாண்டியது. கூகுள் விலகிய பின்னும் அது நிற்கவில்லை, ரயில்வேயின் சொந்த நிறுவனமே நடத்துகிறது. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.-வாணி திட்டம், டீக்கடைக்காரரும் உரிமமின்றி இணையம் விற்கலாம் என்கிறது. வெளியார் போனாலும் வேலை தெரிந்தவர் உள்ளே இருக்கிறார்.

இப்போது 2025 ஜூலை முதல் ஸ்டார்லிங்க் இலங்கைக்கும் வந்துவிட்டது. வானத்திலிருந்து வரும் இணைப்பை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு கிண்ண ஆன்டெனாவில் வருவதை ஊர் முழுக்கப் பகிர, தரையில் கம்பமும் பேட்டரியும் வேண்டும், கூடவே ஓர் ஆளும் வேண்டும். நெடுந்தீவு மருத்துவமனைக்கும் யாழ்ப்பாணக் கண் மருத்துவருக்கும் நடுவே தேனி போல ஓர் இணைப்பு அமைந்தால், முதியவர்கள் பலர் குறிகட்டுவான் படகுக்குக் காத்திருக்க வேண்டியிராது. பிரதேச சபைகள் அதற்கு முதலில் தீவிலேயே வாழும் இரண்டு இளைஞர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுக்கட்டும். கருவியை அதன் பிறகு வாங்கலாம்.