கடன் தீர்த்த பின்னரே பங்கு

முன்னோர் விட்டுச் சென்ற கட்டடங்களையும் கலைச் செல்வங்களையும் குறிக்க இன்றைய அரபு நூலாசிரியர்கள் 'துராஸ்' என்னும் சொல்லை ஆளுகின்றனர். தமிழில் இதனை மரபுரிமை என்கிறோம். 'வாரிஸ்', 'மீராஸ்' என்று நம் இல்லங்களில் வழங்கும் சொற்களும் இந்தத் துராஸும் ஒரே வேரிற் பிறந்தவை. ஆகவே, பழமையைப் பேணுவது பற்றிப் பேசுவோர் அறிந்தோ அறியாமலோ பாகப்பிரிவினையின் மொழியிலேயே பேசுகின்றனர். அந்தப் பாகப்பிரிவினைக்கு ஓர் ஒழுங்குண்டு. இறந்தவரின் அடக்கச் செலவு போக, அவர் பட்ட கடனைத் தீர்த்து, அவருடைய வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பின்னரே வாரிசுகள் தத்தம் பங்கைத் தொடலாம். மூடிக் கிடக்கும் தொழிற்சாலைகளைக் கலைக்கூடங்களாக மாற்றும் முயற்சி உலகெங்கும் நடைபெறும் இக்காலத்தில், அம்முயற்சிகளை இவ்வொழுங்கைக் கொண்டே எடை போடலாம் என்பது நம் கருத்து. இஸ்தான்புல் நகரின் இரண்டு கட்டடங்களை இங்கு எடுத்துக்கொள்வோம்.

அந்நகரின் ஊடே நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்பை ஐரோப்பியர் 'பொற்கொம்பு' என்றனர். துருக்கியர் 'ஹாலிச்' என்பர். அரபியில் வளைகுடாவைக் குறிக்கும் 'கலீஜ்' என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது. ஒரு காலத்தில் எழில் மிகுந்திருந்த அதன் கரைகளில் ஆலைகளும் பட்டறைகளும் நெருங்கி எழுந்தன; கழிவுகளால் நீர் நாற்றமெடுத்தது. 1980-களில் நகராட்சி கரையோரக் கட்டடங்கள் பலவற்றை இடித்து அப்புறப்படுத்தியது. அதற்குப் பின்னும் எஞ்சியவற்றுள் நாம் காணவிருக்கும் இரண்டும் அடங்கும்.

முதலாவது, ஹஸ்ரத் அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் அமைந்த ஐயூப் பகுதிக்கு அணித்தாக உள்ள 'ஃபெஸ்ஹானே'. யத்தீம்கானா என்பதில் வரும் 'கானா'வே இங்கு 'ஹானே' ஆயிற்று. 'ஃபெஸ்' என்பது நம் பாட்டன்மார் அணிந்து மகிழ்ந்த துருக்கித் தொப்பி. சுல்தான் இரண்டாம் மஹ்மூது தம் படையினருக்கும் அலுவலருக்கும் இத்தொப்பியை விதித்தபின், 1830-களில் அதனைச் செய்வதற்கென இத்தொழிற்சாலை தோன்றியது. தொழிலைக் கற்பிக்கத் துனீசியாவிலிருந்து கைவினைஞர் வந்தனர். 1866-ல் தீக்கிரையாகி, 1868-ல் மீண்டும் எழுந்தது. 1925-ல் துருக்கிக் குடியரசு இத்தொப்பியைச் சட்டத்தால் விலக்கிய பின்னரும் கம்பளித் துணி நெய்யும் ஆலையாக நீடித்து, 1986-ல் மூடப்பட்டது. பெரும்பகுதி இடிபட, இரும்புத் தூண்கள் வரிசையாக நிற்கும் நெசவுக் கூடமே மிஞ்சிற்று. பாரிஸ் நகரின் ஓர்சே இரயில் நிலையத்தை அருங்காட்சியகமாக்கிய இத்தாலியக் கட்டடக் கலைஞர் காயே அவ்லெந்தி இதனையும் செப்பனிட, 1992-ல் இஸ்தான்புல்லின் மூன்றாவது ஈராண்டுக் கலைக் கண்காட்சி இங்கு நடந்தது. பின்னர் சந்தைகளும் ரமளான் இரவு நிகழ்ச்சிகளும் நடந்தேறின. 2023-ல் நகராட்சி இதனைப் புதுப்பித்துக் கலைக்கூடமாகத் திறந்தது.

இரண்டாவது, ஹாலிச்சின் தலைப்பகுதியில் இரு சிற்றாறுகள் வந்து கலக்குமிடத்தில் உள்ள 'சிலாஹ்தாராகா' அனல்மின் நிலையம். 1914-ல் இயங்கத் தொடங்கிய இது, அந்நகரின் முதற்பெரும் மின் நிலையமாகும். முதல் உலகப் போரில் நிலக்கரி வரத்து தடைப்படவே, கருங்கடலோரச் சுரங்கங்களிலிருந்து பழுப்பு நிலக்கரியைக் கொண்டுவரச் சிறு இருப்புப் பாதையொன்று அமைக்கப்பட்டது. 1983-ல் நிலையம் ஓய்ந்தது. 2007-ல் பில்கி பல்கலைக்கழகம் இதனை 'சந்த்ரால் இஸ்தான்புல்' என்ற பெயரில் கல்விக்கும் கலைக்கும் உரிய வளாகமாகத் திறந்தது. சுழலிக் கூடங்கள் இயந்திரங்களோடும் கட்டுப்பாட்டு அறையோடும் மின்னாற்றல் அருங்காட்சியகமாயின. கொதிகலன் கூடங்கள் சில நின்ற இடத்தில், அவற்றின் பருமனை நினைவூட்டுமாறு புதிய காட்சிக்கூடம் எழுந்தது.

இவ்விரண்டில் எது சிறந்தது? தயக்கமின்றி மின் நிலையமே என்போம். இலண்டனின் பேங்க்சைடு மின் நிலையத்தை ஒப்பிட்டால் இதன் சிறப்பு விளங்கும். 1981-ல் மூடிய அந்நிலையம், 2000-த்தில் 'டேட் மாடர்ன்' கலைக்கூடமாகத் திறந்தபோது, சுழலிக் கூடத்தில் சுழலிகள் இல்லை. வெற்றிடத்தின் பிரம்மாண்டமே அங்கே காட்சியாயிற்று. ஃபெஸ்ஹானேயிலும் தறிகளின்றித் தூண்களே நிற்கின்றன. அழகிய தூண்கள்தாம், ஐயமில்லை. ஆயினும் அவை எதைத் தாங்கின என்று சிறுவன் ஒருவன் கேட்டால், கூரையைத் தாங்கின என்பதற்கு மேல் அக்கூடம் அவனுக்கு விடை சொல்லாது. சிலாஹ்தாராகாவிலோ இயந்திரம் தன் இடத்திலேயே நின்று, மின்சாரம் எவ்வாறு பிறந்தது என்பதைத் தானே உரைக்கிறது. பொருளை அதன் இடத்தில் வைத்துக் காப்பதே பாதுகாப்பு. உடலைப் போக்கிச் சட்டையை மாட்டி வைத்தல் அலங்காரம்.

ஆனால் நாம் எடுத்துக்கொண்ட அளவுகோல் கடன் பற்றியது. அதனை நீட்டிப் பார்த்தால் இரண்டுமே குறைபடுகின்றன. சுழலிகளின் மேல் ஏ.இ.ஜி., சீமென்ஸ் முதலிய நிறுவனங்களின் பெயர்கள் நிற்கின்றன. செய்தவன் பெயரை இரும்பு மறப்பதில்லை. கரி அள்ளிக் கொட்டி, வெந்து, சாம்பல் சுமந்தவன் பெயரைத் தாங்க இரும்பில் இடமில்லை. அவன் நின்ற கொதிகலன் கூடத்தின் நிலத்திற் பிறகு ஓவியங்கள் தொங்கின. ஃபெஸ்ஹானேயின் கடனோ இன்னும் நுட்பமானது. முஸ்லிம், ஆர்மீனிய, கிரேக்கப் பெண்கள் அங்கு வந்து கம்பளி நூலை வாங்கிச் சென்று, தம் வீடுகளில் தொப்பி பின்னிக் கொண்டுவந்து கொடுத்தனர். அவர்களுடைய உழைப்பு அக்கூடத்தின் சுவர்களுக்கு வெளியே நடந்த உழைப்பு. சுவரை எத்துணைக் கவனமாகக் காத்தாலும் அப்பெண்களைக் காத்ததாகாது. சொல்லாலும் எழுத்தாலும் மட்டுமே அவர்களை அங்கே குடியேற்ற முடியும்.

கலைக்கு இடமளித்ததையே குற்றமென்பார் சிலர். அவ்வாறு நாம் கூறவில்லை. பயன்படாத கட்டடம் விரைவில் பாழாகும். நூலும் ஓவியமும் மாணவர் கூட்டமும் வந்ததனாலேயே இக்கூரைகள் நிலைத்தன. வாரிசு பங்கெடுப்பது அவனது உரிமை. கடனைத் தீர்க்காமல் எடுப்பதே பிழை. நஞ்சுண்ட நீருக்குப் பட்ட கடனை நகராட்சி துப்புரவுப் பணிகளால் ஓரளவேனும் தீர்க்க முயன்றது. மனிதருக்குப் பட்ட கடனுக்கு அத்துணைப் பொருளும் வேண்டியதில்லை. வேலை செய்தோரின் பதிவேடுகளைத் தேடி எடுத்தல், எஞ்சியிருக்கும் முதியோரின் வாய்மொழியைப் பதிந்து வைத்தல், வாயிலில் அவர்தம் பெயர்களைப் பொறித்தல் ஆகிய இவையே போதும்.

ஒரு பழைய ஆலை கலைக்கூடமாயிற்று என்று கேள்விப்படும்போது, எத்தனை ஓவியங்கள் தொங்குகின்றன என்று மட்டும் கேளாமல், எத்தனை தொழிலாளர் பெயர்கள் அங்கே வாசிக்கக் கிடைக்கின்றன என்றும் கேட்கும் வழக்கம் நம் பிள்ளைகளுக்கு வருமாயின் நன்று. அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய கட்டடமே மரபுரிமை என்ற பெயருக்குத் தகுதியுடையது.